பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன்

எனக்கு நகை ஆசை கிடையாது. புடவை ஆசையும் அவ்வளவாக இல்லை. வண்டி ஆசை உண்டு. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்குக் கணக்கு டீச்சராகத் தினமும் போய்வந்த காலத்தில், சேலத்து டாக்டர் ஒருவர் பதினோரு வருடம் ஓட்டி அலுத்துப்போன செடான் கார் ஒன்றை வாங்கினேன். வெளியே பார்க்கச் சாதுவாக இருக்கும். உள்ளே இருந்த இன்ஜின் வேறு ரகம். மிதித்தால் முதுகு போய் சீட்டில் ஒட்டிக்கொள்ளும்.

"பள்ளிக்கூடம் போற டீச்சருக்கு இன்னாத்துக்கு ரேஸ் வண்டி?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அவர் கால்நடை மருத்துவமனையில் வேலை பார்ப்பவர். நாலு காலில் நடப்பது, நாலு சக்கரத்தில் ஓடுவது எல்லாமே நிதானமாகத்தான் போகணும் என்பது அவர் கட்சி. சில கேள்விக்கெல்லாம் பதில் சொன்னால் குடும்பம் நடத்த முடியாது.

அந்த வண்டியில் தினமும் என்னோடு வந்தவள் எங்கள் பள்ளி அறிவியல் டீச்சர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். நைனார்பாளையத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து கள்ளக்குறிச்சிக்கு வந்து, என் வண்டியில் பின் சீட்டில் ஏறிக்கொள்வாள். முன்னால் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கைப் பார்த்து பயம் வருகிறது என்பாள். கச்சிராயபாளையம் வரைக்கும் வாய் ஓயாது. மலை ஏற ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிடும், கண்ணையும் இறுக்க மூடிக்கொள்வாள். பாதி வழியில் "அக்கா, நிறுத்துங்க" என்று ஒரு குரல் வரும். இறங்கி ஓரமாகக் குந்தி வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவி, வெளுத்துப்போய் வந்து உட்காருவாள். பஸ்ஸில் போனால் இதைவிட மோசம். இஞ்சி, எலுமிச்சம்பழம், மாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. மாத்திரை போட்ட அன்றைக்கு முதல் பீரியடில் பிள்ளைகளுக்கு முன்னால் இவள் தூங்கி வழிவாள்.

இரண்டு வருடம் இப்படியே போனது. மூன்றாவது வருடம் ஆடி மாதம் ஒரு நாள், வாந்தி எடுத்து வந்து உட்கார்ந்தவள் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, அரையாண்டுப் பரிட்ச முடிஞ்சதும் வேலைய வுட்டுடலாம்னு இருக்கறன். வூட்லயும் சொல்லிட்டாங்க. ஒடம்பு போனப்புறம் வேலைய வெச்சிகினு இன்னா பண்றது?"

எட்டு வருடம் காத்திருந்து கிடைத்த வேலை அது. இரண்டு தடவை மாறுதல் கேட்டும் கீழே இடம் காலியில்லை. அவள் வீட்டுக்காரருக்கு நைனார்பாளையத்தில் உரக்கடை, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. மலையில் வீடு எடுத்துத் தங்கவும் வழியில்லை. "பைத்தியமா உனக்கு? சர்க்கார் வேலையை யாராவது விடுவாங்களா?" என்று கத்தினேன். கோபம் இல்லை அது, பயம். அவள் போய்விட்டால் அந்தப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க ஆள் கிடையாது. அதைவிட, எனக்கு அவளைப் பிடிக்கும். இதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

அன்றைக்கே முடிவு கட்டினேன். குற்றம் அவள் வயிற்றில் இல்லை, என் வண்டியில். வளைவில் வண்டி சாய்கிறது, சாய்வதால் குமட்டுகிறது. சாயாமல் பண்ணிவிட்டால் முடிந்தது கதை. கணக்கு டீச்சர் புத்தி அப்படித்தான் போகும். காரணம் ஒன்று, விடையும் ஒன்று.

இதே வண்டி வைத்திருக்கும் பையன்கள் சேர்ந்து நெட்டில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் போய்க் கேட்டேன். ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். அதிகம் பேர் சொன்னது, குட்டை ஸ்பிரிங். கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு உயரம் குறைந்த, விறைப்பு ஜாஸ்தியான ஸ்பிரிங்கைப் போட்டால் வண்டி தரையோடு படியும், வளைவில் சாயாது. "மேடம், தண்டவாளத்துல போற மாதிரி போவும்" என்று ஒருத்தன் எழுதினான். எனக்கு உள்ளுக்குள் கிளுகிளு என்று இருந்தது. உண்மையைச் சொன்னால் என்ன? படிந்து நிற்கிற வண்டி பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அவளுக்காகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பாதி எனக்காகவும்தான் செய்தேன்.

சேலத்தில் ஒரு பட்டறையில் மாட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "சினை மாடு மாதிரி வயிறு தொங்குது" என்றார்.

வளைவில் வண்டி சாயவில்லை, அது நிஜம். ஆனால் சமவெளி ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடையும் வண்டியின் அடிவயிற்றில் இடித்தது. எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் ஆளாளுக்கு வேகத்தடை போட்டு வைத்திருப்பார்கள். வரப்பு உயரம் இருக்கும். குழியில் ஒரு சக்கரம் இறங்கினால் பல் ஆடியது. முன்பெல்லாம் மலையில்தான் வாந்தி எடுப்பாள். இப்போது கச்சிராயபாளையம் வருவதற்கு முன்பே "அக்கா, நிறுத்துங்க" வந்துவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். பழகினால் சரியாகிவிடும் என்று அவளுக்குச் சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

இதற்கு நடுவே உளுந்து அறுப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் களம் இல்லாதவர்களுக்கு ரோடுதான் களம். பிடுங்கிய செடியைத் தார்ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டி ஏறி ஏறி மிதித்துக் காயை உடைத்துக் கொடுக்கும். வண்டிக்காரனுக்கும் நஷ்டமில்லை, அவர்களுக்கும் கூலி மிச்சம். சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சி. உயரம் குறைத்த வண்டியை வைத்துக்கொண்டு அதன்மேல் போகக்கூடாது என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் புரியவில்லை. காலையில் பரப்பியிருந்த செடிமேல் வழக்கம்போல ஏற்றினேன். அடியில் சரசரவென்று சத்தம். வண்டி திணறியது. தீய்ந்த வாசனை வந்ததும் நிறுத்திவிட்டு இரண்டு பேரும் இறங்கி ஓடினோம். குனிந்து பார்த்தால் முக்கால் வண்டிச் செடி வயிற்றில் சிக்கியிருக்கிறது. சைலன்சர் சூட்டில் புகைகிறது.

செடிக்குச் சொந்தக்கார அம்மா முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தது. குடத்துத் தண்ணீரைக் கீழே விசிறியடித்துப் புகையை அணைத்துவிட்டு, துறட்டியை விட்டுச் செடியை இழுத்து இழுத்துப் போட்டது. கோபமாகத் திட்டும் என்று நினைத்தேன். ஒன்றும் திட்டவில்லை.

"காலைல இருந்து லாரி போவுது, பஸ்ஸு போவுது, ஒண்ணும் ஒரு செடிய எடுத்துகினு போவல. ஒங்க வண்டி இன்னாங்க டீச்சர், மேஞ்சிகினு போவுது?"

அறிவியல் டீச்சர் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு அவளுக்கு வாந்தியே வரவில்லை. எனக்குத்தான் மானம் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரைப் பிடித்தேன். "வெள்ளிமலை வரைக்கும் வண்டியை ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்து வரன்" என்றேன்.

"ஏன், ஒனக்கு இன்னா ஆச்சு?"

"நான் ஓட்டற மாதிரியே ஓட்டணும். ஒங்க மாதிரி இல்ல."

"அந்த மாதிரி ஓட்டினா நானு வூடு வந்து சேர மாட்டன்" என்று முனகிக்கொண்டே சாவியை எடுத்தார்.

வாங்கி மூன்று வருடமாகியும் என் வண்டியின் பின் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு வளைவு வருவது முன்பே தெரியும், உடம்பு தயாராகிவிடும். பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. முன் சீட்டின் முதுகுதான் தெரியும். இரண்டாவது வளைவில் வாயில் எச்சில் ஊறியது. குழியில் இறங்கி ஏறிய பிறகும் வண்டியின் பின்பக்கம் நிற்காமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே வந்தது. நாலாவது வளைவில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். அப்புறம் "நிறுத்துங்க" என்று சொன்னது என் குரல்தான். இந்தப் பாட்டை அவள் இரண்டு வருடமாக, நாளுக்கு இரண்டு தடவை பட்டிருக்கிறாள் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "ஸ்பிரிங்கக் கொற சொல்றதுக்கு முன்னாடி ஒன் காலக் கொற சொல்லு. நானு ஒன்ன மாதிரிதான் ஓட்டினன்."

வந்த கோபத்துக்கு அளவில்லை. உண்மையைச் சொன்னால் அப்படித்தான் வரும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் கதையும் அதுதான். வளைவுக்கு வளைவு ஆசை ஆசையாக பிரேக்கை மிதித்து, திருப்பி, மறுபடி ஆக்ஸிலேட்டரை மிதிப்பேன். நான் அனுபவித்ததற்கு அவள் வயிறு விலை கொடுத்தது.

இருந்தாலும் என் கால்மேல் மட்டும் பழி போட முடியாது. வீட்டுக்கு வந்து டிக்கியைக் கையால் பலமாக அமுக்கி விட்டுப் பார்த்தேன். நல்ல வண்டி ஒரு தடவை எழும்பி நின்றுவிடும். என் வண்டி மூன்று தடவை குதித்தது. குதிப்பை அடக்குவது ஸ்பிரிங் இல்லை, ஷாக் அப்சார்பர். டாக்டர் ஓட்டிய காலத்திலிருந்து மாற்றாத பழைய ஷாக் அப்சார்பர் செத்துப்போய்க் கிடக்கிறது. அதன் தலையில் கொண்டுபோய் விறைப்பான ஸ்பிரிங்கை வைத்திருக்கிறேன்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஒரு வாரம் விசாரித்தேன். உயரத்தைத் திருகித் திருகி மாற்றுகிற செட் ஒன்று இருக்கிறது, குழுப் பையன்கள் அதற்கு உயிரை விடுவார்கள். கள்ளக்குறிச்சி ரோட்டுக்கு அது வேண்டாம். இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்புக் கம்பியைத் தடிமனாகப் போடலாம், வளைவில் சாயாது. ஆனால் ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் அந்த அடி மற்ற சக்கரத்துக்கும் போகும். எங்கள் மலை ரோட்டில் குழி ஒரு பக்கம்தான் இருக்கும். அதுவும் வேண்டாம். கடைசியில் பழைய கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் போடுவது, அதோடு கேஸ் அடைத்த நல்ல ஷாக் அப்சார்பர் நாலு, மூட்டுக்கு மூட்டு நைந்துபோன ரப்பர் புஷ் எல்லாம் புதுசு என்று முடிவு செய்தேன். "அப்ப வண்டி பழையபடி உயரமாத்தான் நிக்கும் மேடம், கெத்து கம்மி" என்றான் பட்டறைக்காரன். இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மாட்டி வந்த ஞாயிறும் வீட்டுக்காரரை ஓட்ட வைத்து நான் பின்னால் உட்கார்ந்து போய்ப் பார்த்தேன். குழியில் இறங்கிய சக்கரம் ஏறியதும் அடங்கியது. வளைவில் கொஞ்சம் சாய்ந்தது, ஆனால் சாய்ந்த இடத்தில் நின்றது, ஆடவில்லை. வெள்ளிமலை வரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது நானே ஓட்டி என் காலுக்குப் பாடம் நடத்தினேன். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது, உள்ளே போனதும் ஒரே சீராகப் போவது. சொல்லப்போனால் அப்படி ஓட்டுவதுதான் கஷ்டம். அதில் ஒரு ருசியும் இருந்தது, இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள், அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் திங்கட்கிழமை. அவள் வழக்கம்போலப் பின்னால் ஏறினாள். ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டாளா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. ஷாக் அப்சார்பர் மாற்றியதையும் சொல்லவில்லை. சொன்னால் எனக்காகப் பொறுத்துக்கொள்வாள். மலை ஏற ஆரம்பித்தோம். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. பின்னால் சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எப்போது "நிறுத்துங்க" வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினேன். பாதி மலை தாண்டியது.

"அக்கா."

போச்சு என்று பிரேக்கில் காலை வைத்தேன்.

"அக்கா, கீழ இன்னாது அது? அவ்ளோ தண்ணி?"

கண்ணாடியில் பார்த்தேன். முகத்தை ஜன்னலோடு ஒட்டிவைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோமுகி டேமும்மா."

"இங்கருந்து தெரியுமா?"

இரண்டரை வருடம் தினமும் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறாள். ஓரமாக இடம் இருந்தது. "நிறுத்தட்டுமா? எறங்கி நின்னு நல்லாப் பாரு" என்றேன்.

"வாணாங்க அக்கா, பெல் அடிச்சிடுவாங்க" என்றாள். கண்ணை வெளியிலிருந்து எடுக்கவில்லை. "நாளைக்கும் இந்த வழியாதான வரப்போறோம்."