கரும்புக்காரர் போட்ட பாலக்கீரை

என் வீட்டுக்காரருக்குக் கரும்பைத் தவிர மற்றதெல்லாம் பயிரே இல்லை. நெல் என்றால் முகம் சுளிப்பார், கீரை என்றால் சிரிப்பார். கச்சிராயபாளையத்தில் முப்பது வருடமாகக் கரும்பு போடுகிறவர் என்ற மிதப்பு. அப்படிப்பட்டவர்தான், மகள் பிரசவத்துக்கு வந்ததும் வீட்டுக்குப் பின்னால் பாலக்கீரை போடப் போகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

மகளுக்கு ரத்தம் கம்மி. தினமும் கீரை சாப்பிடச் சொல்லி நர்ஸம்மா அனுப்பியிருந்தார். "சந்தக் கீர பூரா மருந்து. எம் பொண்ணுக்கு வெஷமில்லாத கீர நான் வெளைச்சுக் குடுக்கிறேன்" என்று எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி அறிவித்தார்.

கரும்புக்குப் பிடிப்பதுபோல முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் குவித்துப் பார் பிடித்து, விதையை விரல் ஆழத்தில் புதைத்தார். பத்து நாளாகியும் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. விதைக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டாராம். அவர் வயலுக்குப் போன நேரம் நான் மண்ணைச் சமன் செய்து, மீதி விதையைத் தூவி, தண்ணீர் தெளித்தேன். முளைத்தது. "பாத்தியா, லேட்டானாலும் வந்துச்சு" என்று மீசையைத் தடவிக்கொண்டார். இந்த மனிதரிடம் எதைச் சொல்லி என்ன என்று விட்டுவிட்டேன்.

இலை உள்ளங்கை அகலம் வந்தபோது பூச்சி ஓட்டை போட்டது. வேப்ப எண்ணெய் அடிக்கிறேன் என்று ஒரு காலையில் மோட்டார் கொட்டகையிலிருந்து மருந்து டேங்கைத் தூக்கிவந்தார். முந்தின வாரம் கரும்பில் களைக்கொல்லி அடித்த டேங்க். அந்த மருந்து கரும்பை ஒன்றும் செய்யாது, அகல இலைச் செடிகளைத்தான் சாகடிக்கும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினார். அவர் அகராதியில் அதற்குப் பெயர் கழுவுவது. கதவோரம் நின்ற எனக்கே நெடி மூக்கில் ஏறியது.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடிக்கட்டும், கருகட்டும், எதிர்வீடும் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன். உள்ளுக்குள் ஒரே குஷி. அந்தக் குஷியோடே தியாகதுருகத்தில் ஒரு காதுகுத்துக்குப் பஸ் ஏறினேன்.

சாயங்காலம் திரும்பியதும் முதலில் போனது கீரைப் பாத்திக்குத்தான். நினைத்தபடியே தண்டெல்லாம் முறுக்கிக்கொண்டு கிடந்தது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "வெயில் ஜாஸ்தி, அதான் தொங்குது. நீ இன்னாத்துக்கு சிரிச்சிக்கினு நிக்கிற?" என்றார்.

"வெயிலா? களக்கொல்லி டேங்க்லதான அடிச்சீங்க? காலையிலயே எனக்கு நெடி வந்துச்சு. கரும்பு வெளைச்ச மூளைக்கு அவ்ளோதான்" என்றேன். மகளும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

அவள் அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள். கையில் தட்டு. சோற்றின்மேல் கடைந்த கீரை, பிசைந்து முதல் உருண்டை பிடித்திருந்தாள். அப்பா போட்ட கீரையாயிற்றே என்று மத்தியானமே அவளாகப் பறித்து வைத்திருக்கிறாள். அப்போது தண்டு முறுக்கவில்லை போலிருக்கிறது. உருண்டை இன்னும் வாய்க்குப் போகவில்லை.

ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கினேன். அவர் பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் தெரியாமல் அடித்தவர். மகள் அவர் பக்கம் திரும்பவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குக் காலையிலயே தெரியுமாம்மா?" என்றாள்.