ஆளு வந்துட்டாரு

"உங்களுக்கு எதைக் கண்டா கோவம் வரும்?"

முடி எடுக்கிற மிஷினை ஆன் பண்ணுவதற்கு முன்னால் கதிர்வேல் இதைக் கேட்டுவிடுவார். தலையில் ஆபரேஷன் என்று நாள் குறித்த ஆள், கழுத்தில் பச்சைத் துணியோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பான். பேர் என்ன, ஊர் என்ன, சர்க்கரை இருக்கா என்று காலையிலிருந்து பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். கோபத்தைப் பற்றி ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால் முதலில் முழிப்பான். அப்புறம் சொல்வான். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். அதற்குள் கதிர்வேல் பாதித் தலையை முடித்திருப்பார்.

சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. சேர்ந்தது ஸ்ட்ரெச்சர் தள்ளத்தான். முடி எடுக்கிறவர் ஓய்வு பெற்ற அன்று, கை நடுங்காத ஆள் யார் என்று நர்ஸம்மா கேட்க, பக்கத்தில் நின்ற பாவத்துக்கு இவர் கையில் மிஷினைக் கொடுத்துவிட்டார்கள். ஆச்சு பதினாலு வருஷம். கடலூர் முதுநகரில் வீடு, காலை பாசஞ்சரில் வந்து போகிறார். ஐம்பத்திரண்டு வயது, கட்டைக் குரல். சட்டைப் பையில் பேனா இருக்காது, ஒரு சின்ன பிரஷ் இருக்கும், காதுக்குப் பின்னால் ஒட்டுகிற முடியைத் தட்ட. தன் தலைக்கு மட்டும் வெளியே கடைக்குப் போவார். "என் தலை எனக்கு எட்டாதுல்ல" என்பார்.

ஆபரேஷன் முடிந்து ஆளை வார்டுக்கு மாற்றியதும், யாரும் கூப்பிடாமலே போய் எட்டிப் பார்ப்பார். குறிஞ்சிப்பாடி ராஜமாணிக்கத்துக்குத் தன் வாசலை மறித்து எவனாவது வண்டி நிறுத்தினால் ஆகாது. தலை முழுக்கக் கட்டோடு கிடந்தவரிடம் கதிர்வேல் குனிந்து, "உங்க வாசல்ல எவனோ குட்டி யானை வண்டியைக் குறுக்கால உட்டுட்டுப் பூட்டான்யா" என்றார். படுத்திருந்தவர் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். "எவன்டா அவன்? சாவியப் புடுங்கு" என்றார். நர்ஸ் ஓடிவந்து கதிர்வேலை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் பாட்டுக்கு வெளியே போய், வராந்தாவில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த ராஜமாணிக்கத்தின் மனைவியிடம், "ஆளு வந்துட்டாரும்மா. போய் டீ குடி" என்றார்.

எல்லாரும் அப்படி வந்துவிடுவதில்லை. கிள்ளையிலிருந்து வந்த ஜெயராணி டீச்சருக்குப் பேரைச் சுருக்கிக் கூப்பிட்டால் பிடிக்காது. ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் கதிர்வேல் போய், "இன்னா ஜெயா" என்றார். டீச்சர் சிரித்தார். பார்க்கிறவர்களுக்கு நல்ல சிரிப்புதான். கதிர்வேல் வராந்தாப் பக்கம் போகாமல் படி இறங்கிவிட்டார்.

இந்தக் கூத்தெல்லாம் ஆபரேஷன் செய்கிற டாக்டர் சேரனுக்குத் தெரியும். ஒரு நாள் அவர் சொன்னார்: "ஆளுன்னா மூளைதான் கதிர்வேல். ஒரு நூல் எடம் அடிபட்டா குணம் மாறிடும். எங்கியோ போயிட்டுத் திரும்பி வர்றதுக்கு ஆளு என்ன டவுன் பஸ்ஸா?"

"சரி சார். அப்ப என்னைத் திட்டிக்கிட்டு இருந்தவ எங்க போனா?"

பவானியைத்தான் கேட்டார். அவர் மனைவி. செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை. மூன்று வருஷத்துக்கு முன், ஸ்கூட்டரில் வரும்போது மாடு குறுக்கே வந்து விழுந்தாள். மூளையில் ரத்தக்கட்டு. அவள் தலைமுடியை எடுத்ததும் கதிர்வேல்தான். வேறு ஆளைப் பார்க்கிறோம் என்றார்கள், விடவில்லை. மயக்கத்தில் கிடந்தவளிடம் கேள்வி கேட்க முடியாது. கேட்கவும் வேண்டாம். எதைக் கண்டால் அவளுக்குக் கோபம் வராது என்பதுதான் அவர் இருபத்தாறு வருஷத்தில் கண்டுபிடிக்காதது. மீனைச் சொன்ன விலைக்கே வாங்கி வந்தால் கோபம். செருப்பைக் குறுக்கே கழற்றி விட்டால் கோபம். பதில் பேசினால் கோபம், பேசாவிட்டால் "யோவ், வாயில இன்னா கொழுக்கட்டையா?"

பிழைத்துவிட்டாள். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கல்யாணத்துக்கு எவர்சில்வர் குடம் வைத்தது யார் என்பது வரைக்கும் சொல்கிறாள். நெத்திலிக் குழம்பில் அதே புளிப்பு. கேன்டீனுக்கும் திரும்பப் போகிறாள். கோபம் மட்டும் வரவில்லை. குரல் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறுவதே இல்லை. "ஏங்க, சாப்பிட வாங்க" என்கிறாள், விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி.

பவானியின் தம்பி இளவரசு நாலு பேர் நடுவில் சொன்னான்: "மாமா, அவனவன் பொண்டாட்டி வாயை மூட வழி தெரியாம அலையறான். உனக்கு ஆஸ்பத்திரிலயே மூடிக் குடுத்துட்டாங்க. ஜாஸ்தி அலட்டிக்காத." எல்லாரும் சிரித்தார்கள். கதிர்வேலும் சிரித்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஈரத் துண்டைத் தலையணை மேல் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பவானி வந்தாள். துண்டை எடுத்தாள். கொடியில் உதறிப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

"அவ தலையில இல்லாத பவானி என் காதுல இருக்கா சார்" என்றார் டாக்டரிடம். "செருப்பைக் குறுக்கால உட்டன்னா இப்பவும் திட்டுறா. கேக்குது. அது எந்த மூளையில சேத்தி?"

"அது உங்க மூளை" என்றார் டாக்டர்.

"அப்ப பாதி ஆளு என்கிட்ட கெடக்கு. அதை வெச்சிக்கிட்டு நான் இன்னா பண்றது?"

டாக்டர் மணியை அடித்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

போன தை மாசம் பவானியாகவே ஒன்று செய்தாள். கதிர்வேல் துண்டைப் போட்டுவிட்டு நின்றபோது, எதிரே வந்து நிமிர்ந்து, "யோவ், அறிவு இருக்குதா உனக்கு?" என்றாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். "சரியா வந்துச்சாங்க?"

கதிர்வேல் துண்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கொடியில் போட்டார்.

வருஷத்துக்கு ஒரு தடவை அவளைச் செக்கப்புக்குக் கூட்டிப் போக வேண்டும். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பழையபடி இருக்காங்களா என்று டாக்டர் கேட்பார். இரண்டு வருஷமும் கதிர்வேல் சொன்ன பதில், "இல்ல சார். பழைய ஆளு இல்ல." மூன்றாவது வருஷத்துச் செக்கப் போன வாரம்.

பாசஞ்சர் பரங்கிப்பேட்டை தாண்டியதும், ஜன்னலைப் பார்த்தபடியே பவானி பேசினாள்.

"பழைய ஆளு இல்லன்னு நீங்க டாக்டர்கிட்ட சொல்றப்ப, நானும் அங்கதாங்க உக்காந்திருக்கேன்."

கதிர்வேல் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணும் மாறலங்க. காலையில எழுந்தா நான்தான் எழுந்திருக்கேன். அதே கை, அதே இடுப்பு வலி. நீங்கதான் வேற யாரோ வரப்போறாப்புல வாசலையே பாத்துக்கிட்டு இருக்கீங்க." குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை. "மூணு வருஷமா நான் வூட்ல தனியாத்தான் இருக்கேன்."

கிள்ளையில் வண்டி நின்றது. யாரோ இறால் கூடையை ஏற்றினார்கள். தண்ணீர் ஒழுகி வந்து கதிர்வேல் காலை நனைத்தது. காலை நகர்த்த அவருக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டில் தனியாக இருப்பது தான் ஒருத்தன்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அறையில் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு வட்ட ஸ்டூல், நோயாளிக்கு. எதிரே கை வைத்த நாற்காலி, கூட வந்தவருக்கு. டாக்டர் எப்போதும் நாற்காலியில் இருப்பவரிடம்தான் கேட்பார். பவானி பழக்கத்தில் ஸ்டூலுக்குப் போனாள். கதிர்வேல் அவள் தோளைத் தொட்டுத் திருப்பி, நாற்காலியில் உட்கார வைத்தார்.

ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே, "எப்படி, பழையபடி இருக்காங்களா?" என்றார் டாக்டர் சேரன்.

பதில் வராததால் நிமிர்ந்தார். நோயாளியின் ஸ்டூலில் கதிர்வேல் உட்கார்ந்திருந்தார், இரண்டு கையையும் தொடை மேல் வைத்துக்கொண்டு, பவானி என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் வாயைப் பார்த்தபடி.