இடம் தெரிய வரைகிறவன்

படகில் குப்புறப் படுத்துக்கொண்டு வாத்தின் வாலிறகை எண்ணுகிறான் ஜிரைதி. பதினொன்றில் வாத்து திரும்பிவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. நாற்பத்தைந்து வயது ஆள். ஈரத் தலைத்துணி, முழங்கைவரை கொசுக்கடி. கட்டை மிதக்கிறது என்று நினைத்து என் எருமைகள் அவன் படகை உரசிக்கொண்டு நீந்திப் போகும்.

பிழைப்பு, எங்கள் சதுப்புக்கரை ஊரான சிபாயிஷ் சந்தையில் கடைப்பலகை எழுதுவது. மீதி நேரமெல்லாம் பறவை, நீர்நாய், ஆமை. பழுப்பு நிறத்துக்குச் சாயம் வாங்கமாட்டான்; முந்தின நாள் தேநீரைச் சுண்டவைத்து அதில் தூரிகையைத் தோய்ப்பான். ஒருமுறை மறதியில் அதையே எடுத்துக் குடித்துவிட்டு, "இறக்கை கசக்குது பெரியம்மா" என்றான். தூரிகையை நாக்கில் வைத்துக் கூராக்குவதால் வாய் எப்போதும் பச்சையோ நீலமோ.

பொய்யாக ஒரு கோடு போடமாட்டான். அது அவனுக்குப் பெருமை, எனக்கு எரிச்சல். நாரையை வரைந்தால் அது நின்ற ஓடைத் திருப்பம், ஒடிந்து சாய்ந்த நாணல், பின்னால் இருக்கும் மண்மேடு எல்லாம் இருந்தபடியே வந்து உட்காரும். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அவன் படத்தைப் பார்த்தால் எந்த ஓடை, எந்தத் திருப்பம் என்று சொல்லிவிடுவேன். எனக்குத் தெரிவது பறவை பிடிக்கிற வலைக்காரனுக்குத் தெரியாதா?

போன வருஷம் நகரத்து அலுவலகத்தார் வந்து, கொல்லக்கூடாத பறவைகளை வரைந்து தா என்றார்கள். இருபது வரைந்தான். எல்லாவற்றையும் ஒரே தாளில் பெரிதாக அச்சடித்துச் சந்தையெல்லாம் ஒட்டினார்கள். அதோடு அவர்கள் கடமை தீர்ந்தது. ஒரு காவலாளிகூடத் தண்ணீரில் கால் நனைக்கவில்லை. எருமைப்பால் ஏடு விற்கப் போன நான் கண்ணால் பார்த்தேன். வலைக்காரன் ஃபாலிஹ் அந்தப் படத்தையே கிழித்து வந்து தன் கூடைகளுக்கு மேல் தொங்கவிட்டிருந்தான். ஒவ்வொரு பறவைக்கும் கீழே கரியால் விலை. கூடைக்குள் கால் கட்டிய நீலத் தாழைக்கோழிகள், ஒன்றன்மேல் ஒன்று.

"வாய்யா கைராசிக்காரா!" என்று ஜிரைதியைக் கூப்பிட்டான் ஃபாலிஹ். "நீ வரைஞ்ச திருப்பத்துலயே வலை போட்டேன். ஒரே விடியல்ல நாப்பது. இந்தா, உன் பங்குக்கு ஒண்ணு, ஆக்கித் தின்னு."

"உன் வலை உன் கழுத்துலயே விழ" என்றேன் நான்.

ஜிரைதி கோழியை வாங்கிக் கட்டை அவிழ்த்தான். அது நிற்கவில்லை. கால் செத்துப் போயிருந்தது.

இத்தனைக்குப் பிறகும், இந்த வாரம் அதே அலுவலகத்துக்கு இரண்டாவது படம் வரைய ஒப்புக்கொண்டிருக்கிறான். நேற்றுக் காலை என் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். கண்ணைச் சுற்றி மை அப்பியதுபோல் கறுப்புள்ள மணல்நிற வாத்து. இந்தப் பக்கம் ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம். என் தொழுவத்துக்குப் பின்னால் முட்டையிட்டிருக்கிறது. படத்தில் தொழுவம் இருந்தது. என் உடைந்த நாணல் வேலியும் இருந்தது.

"அடேய், மண்டைக்குள்ள என்ன, சேறா? திரும்பவும் இடத்தக் காட்டுறியே!"

"இருக்கறத இருக்கறபடி வரையணும் பெரியம்மா. இல்லன்னா அது படமா?"

"உங்கம்மா ரெண்டு புள்ளையப் பறிகுடுத்துட்டு உன்னப் பெத்தா. கண்ணுபடக் கூடாதுன்னு எலின்னு பேரு வெச்சா. ஜிரைதி! அரசன் பேரு வெக்க அவளுக்கு ஆசை இருந்திருக்காதா? ஊரு சிரிச்சா சிரிக்கட்டும், புள்ள பொழைச்சாப் போதும்னு இருந்தா. அவ அப்படி மறைச்சு வளத்த புள்ள நீ, இங்க உக்காந்து வாத்துக்கு வீட்டு விலாசம் எழுதிக் குடுக்கறே."

"அவங்க நல்லதுக்குத்தான் கேக்கறாங்க..."

"அவனுங்க நல்லது ஃபாலிஹ் கூடையில கால் கட்டிக் கெடக்கு. போய்ப் பாரு."

 நான்கு நாள் வேலை அந்தப் படம். ஒவ்வொரு நாணலுக்கும் தனி நிழல். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அடுப்பில் இருந்த பால்சட்டியின் அடியில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தான். சுட்டிருக்கும், கையை இழுக்கவில்லை. அந்தக் கரியைக் கொண்டுவந்து படத்தில் முதலில் வேலியின்மேல் வைத்து அழுத்தி மறைத்தான். அப்புறம் தொழுவம். அப்புறம் நாணல், ஒவ்வொன்றாக.