குமரேசன் சொல்லாம வெச்ச முடிவு

என் தம்பி குமரேசனுக்குக் கதையை ஆரம்பிக்கத் தெரியும், முடிக்கத் தெரியாது. அடி அண்ணாமலையில கிரிவலப் பாதை ஓரமா அவனுக்குப் பொட்டிக்கடை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பக்கத்துலயே போலீஸ் பந்தல் போடுவாங்க. கூட்டத்துல அம்மாவை விட்டுட்ட பிள்ளைங்களை அங்கதான் கொண்டாந்து உக்கார வைப்பாங்க. மைக்ல பேரைச் சொல்லிக் கூப்பிட்டுகினே இருப்பாங்க, பிள்ளை வீல்னு கத்தும். இவன் வியாபாரத்தை விட்டுட்டுப் போய் கதை சொல்லுவான். கதை சூடு பிடிக்கிற நேரம் அம்மாக்காரி ஓடி வருவா, பிள்ளை எழுந்து ஓடிடும். எந்தக் கதையும் பாதிக்கு மேல போனதே இல்ல.

"அதையெல்லாம் எழுதுப்பா"னு நச்சரிச்சவ அவன் பொண்ணு கவியா. தாயில்லாப் பிள்ளை, நான்தான் வளர்த்தேன். கூட்டத்துல தொலைஞ்சுபோன ஆட்டுக்குட்டி கதையை எழுதி, சென்னையில பிள்ளைங்க புத்தகம் போடுற ஒரு அம்மாவுக்கு அனுப்பினான். அவங்க போன் பண்ணாங்க.

"கதை ஜோரா இருக்குங்க. முடிவு எங்கங்க?"

"அவ்ளோதாங்க கதை"ன்றான் இவன்! நான் தலையில அடிச்சிக்கினேன்.

அந்த அம்மா பொறுமைசாலி. பெரியவங்க யாரும் ஆட்டுக்குட்டியைத் தூக்கினு போய் விடக்கூடாது, அதுவே வழி கண்டுபிடிக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. புத்தி சொல்ற வரியெல்லாம் எடுத்துடுங்கன்னாங்க. இவன் எழுதி எழுதிக் கிழிச்சான்.

அதுக்குள்ள கவியாவுக்கு ரத்தத்துல நோய்னுட்டாங்க. வேலூர் ஆஸ்பத்திரியில சேத்தோம். முடியெல்லாம் கொட்டிப் போச்சு. அந்த வலியிலயும் அவளுக்கு ஒரே கேள்விதான். "அப்பா, ஆட்டுக்குட்டி வீட்டுக்குப் போச்சா?"

அப்போ முடிவை எழுதி அனுப்பிட்டான், அந்த அம்மாவும் சரின்னுட்டாங்க. ஆனா பிள்ளைகிட்ட சொல்ல மாட்டேன்றான். "புக்கா வரட்டும்டா கண்ணு"ன்றான். எனக்கு வந்துச்சே கோவம்! வராண்டாவுக்கு இழுத்துனு போய்த் திட்டினேன். "ஏன்டா பிள்ளையை இம்சை பண்ற? சொல்லித் தொலையேன்டா!"

"மீதியைக் கேக்கறதுக்காகவாவது இருப்பாக்கா"ன்னான்.

கவியாவும் கேட்டுகினேதான் இருந்தா. தை மாசம் அவ அம்மா போன இடத்துக்கே போயிட்டா. பாதிக் கதையில எழுந்து ஓடுற பிள்ளைங்களையே பாத்துப் பழகினவன், தன் பிள்ளை மட்டும் இருக்கும்னு நம்பினானே, பாவி! அவன் மேல எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல. அவன் மூஞ்சியைப் பாத்தா அழுகையும் வருது.

பங்குனியில புக்கு வந்துச்சு. அவ போட்டோ முன்னால உக்காந்துகினு முதல் பக்கத்துல இருந்து சத்தமா படிச்சான். கடைசிப் பக்கம் வந்ததும் புக்கை என்கிட்ட நீட்டினான். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆட்டுக்குட்டி வாசலுக்கு வந்து "அம்மா"னு கத்துச்சுனு எழுதியிருந்தான். ரெண்டு தரம் படிச்சேன், அவளுக்குக் கேக்கட்டும்னு.