சிவப்புச் செருப்புக்காரி

எங்கள் ஊர் கோத்தா திங்கியில் வெள்ளம் வந்து என் மோட்டார் சைக்கிள் முழுகியதே, அதற்கு மறுவாரம்தான் எனக்கு இதய ஸ்கேன். வால்வு ஒழுகுகிறதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். எனக்கோ ஆபரேஷன் பயம்.

ஸ்கேன் எடுத்த பெண்ணுக்கு வட்ட முகம், காலில் சிவப்புச் செருப்பு. என் இதயம் துடிக்கத் துடிக்க, அந்தச் செருப்பால் தாளம் போட்டாள்.

“திரைய பாருங்க அங்கிள், நாலு கதவு.”

“யாரும்மா தொறந்து மூடுறது?”

“ரத்தமே தள்ளித் தொறக்கும். திரும்பி வந்தா தானா சாத்திக்கும்.”

“அலமாக்! எஸ்டேட்டு வாய்க்கால்ல நான் முப்பது வருசம் பார்த்துக்கிட்ட கதவும் இதேதான்! கடல் தண்ணி ஏறினா தானா மூடிக்கும். என்னுது ஒழுகுதாம்மா?”

“டாக்டர்தான் சொல்லணும் லா” என்று சிரித்தாள்.

ஒழுகவில்லை என்றார் டாக்டர். அவளிடம் சொல்ல ஓடினேன், அவள் அறைக்கதவு சாத்தியிருந்தது, உள்ளே வேறு யாருக்கோ தாளம். பெயரும் கேட்கவில்லை. நீங்கள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் செருப்பைப் பார்த்து அவளிடம் சொல்லிவிடுங்கள்: வாய்க்கால் கதவுக்காரருக்கு நாலும் நன்றாகச் சாத்துகிறதாம்.