நாற்பதைத் தாண்டாத கார்

எங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவே ஒரு வருடம் கார் இன்ஜின் கிடந்தது என்று கல்லூரித் தோழிகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். அதில் முழங்காலை இடித்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவளுக்குச் சிரிப்பு வராது.

ஆலத்தியூரில் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடத்தில் இயந்திரங்களுக்குக் கிரீஸ் அடிக்கும் வேலை அப்பாவுக்கு. யாரோ கழித்துவிட்ட பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி வந்தார். போகும் வழியெல்லாம் நீலப் புகை. அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, முதல் நாளே மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "என்ன மாப்ள, காரா, கொசு மருந்து அடிக்கிற வண்டியா?" அந்தப் பெயரே ஊரில் நிலைத்துவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில்கூட அம்மாவிடம் கொசு மருந்து வண்டி சௌக்கியமா என்றுதான் விசாரித்தார்கள்.

அப்பா இன்ஜினை இறக்கிப் பிரித்தார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் தேய்ந்துவிட்டன, ஆயில் மேலே ஏறி எரிகிறது, அதுதான் புகை என்றார். ரிங்கோடு நின்றதா? பேரிங்கும் தேய்ந்திருந்தது. வால்வும் தேய்ந்திருந்தது. ஒன்றை மாற்றினால் அடுத்தது பல்லை இளித்தது. ஒவ்வொன்றுக்கும் திருச்சிக்கு ஒரு பயணம். கழற்றியதையெல்லாம் மண்ணெண்ணெயில் ஊறப்போட அவர் கைக்குக் கிடைத்தது, அம்மாவின் பிறந்த வீட்டுச் சீராக வந்த பித்தளைத் தாம்பாளம். அன்று அம்மா பேசியதை எழுத முடியாது. "இந்த எழவ வித்துத் தொலைங்க" என்பதுதான் அதில் சாந்தமான வரி.

ஒருவழியாக இன்ஜின் காரில் ஏறியது. தம்பிக்குச் சிறுவாச்சூர் கோயிலில் காது குத்த நாள் குறித்தார்கள். மாமாவின் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மாமாவைத் தன் காரிலேயே அழைத்துப் போவதென்று அப்பா பிடிவாதமாக நின்றார். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் காரியம் முடிய வேண்டும்.

கார் நாற்பதைத் தாண்டவில்லை. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் என்ற கர்வத்தில், முள் காட்டிய எண்ணை நான் உரக்க வாசித்துக்கொண்டே வந்தேன். ஒரு டிராக்டர் எங்களைத் தாண்டிப் போனது. அதை ஓட்டியவர் கையாட்டிவிட்டு வேறு போனார். மாமா அழுத்தி மிதிக்கச் சொன்னார். அத்தை மணி பார்த்தாள். புது ரிங் போட்ட இன்ஜினைக் கொஞ்ச நாள் மெதுவாகத்தான் பழக்க வேண்டும், இப்போதே விரட்டினால் செய்த வேலையெல்லாம் வீண் என்று அப்பா ஒரே ஒருமுறை சொன்னார். பிறகு வாயைத் திறக்கவில்லை, காலையும் அழுத்தவில்லை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் மாமா நிறுத்தச் சொல்லி, அத்தையோடு இறங்கினார்.

"நாங்க பஸ்ஸுல போயிடுறோம் மாப்ள. நீங்க இன்ஜினுக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டே வாங்க." பிறகு ஜன்னலில் குனிந்து அம்மாவிடம் சொன்னார்: "புள்ளையத் தூக்கிட்டு எறங்கு பாப்பா. நேரம் போவுது."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு தயாரானேன். அம்மா அசையவில்லை.

"நீங்க போங்கண்ணே. நாங்க இதுலயே வரோம்."

ஆக, குத்த வேண்டிய காது காரில் ஊர்ந்துகொண்டிருக்க, அதற்கான மடி மட்டும் பஸ்ஸில் முன்னால் போய்க் காத்திருந்தது. வழியில் ஆயில் பார்க்கவென்று அப்பா வேறு ஒருமுறை நிறுத்தினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ராகு காலம் பிறந்துவிட்டது. பன்னிரண்டு மணிவரை எல்லோரும் பசியோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மரத்தடியில் கிடந்தோம். தாம்பாளத்திலிருந்த வாழைப்பழத்தில் மண்ணெண்ணெய் வாடை அடிப்பதாக அத்தை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு அம்மா மேல்தான் ஆத்திரம். ஒரு வருடம் முழுக்க அந்த இன்ஜினைத் திட்டித் தீர்த்தவள், இறங்கிப் போக வழி கிடைத்த அன்று ஏன் அதிலேயே உட்கார்ந்திருந்தாள்?

பெரம்பலூரைத் தாண்டியதிலிருந்து அவள் திரும்பித் திரும்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தாள். மனம் மாறி அடுத்த பஸ்ஸைத் தேடுகிறாள் என்று நினைத்து நானும் எட்டிப் பார்த்தேன். பின்னால் வந்த லாரிகள் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. பார்ப்பதற்கு வேறு ஒன்றுமே இல்லை, புகைகூட இல்லை.