எய்லாவின் கை இறுக்கம்

எய்லா கங்காஸ் காலுறை தவிர வேறெதையும் பின்ன மாட்டாள். ஸ்வெட்டர் கேட்டால், "அதுக்குத்தான் கடை இருக்கே" என்பாள். காலுறைக்கும்தானே கடை இருக்கிறது என்று திருப்பிக் கேட்டவர்களுக்கு அவள் வீட்டில் அன்று காப்பி கிடைக்காது. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கிறது, பின்லாந்துக்காரர்கள் குடியேறிய எங்கள் ஊர். பாதி வருஷம் பனி. வியாழக்கிழமை மதியம் நானும் இன்னொரு தோழி லெம்பியும் அவள் சமையலறையில் நூலும் ஊசியுமாக உட்கார்ந்துவிடுவோம்.

அவள் கணவன் ரெய்னோ சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். கல்யாணமான நாளிலிருந்து அவள் பின்னியதைத்தான் போடுகிறான். எய்லா ஒருநாளும் அளவெடுத்ததில்லை. "அளவு எதுக்கு? அவன் காலு என் விரல்லயே இருக்கு" என்பாள். அந்தப் பெருமையைக் கிண்டல் செய்யாமல் எனக்குக் காப்பி இறங்காது.

இலைகள் உதிர்ந்து முடிந்த சமயம். ரெய்னோ சமையலறைக்குள் வந்து கால்சட்டையைத் தூக்கிக் காட்டினான்.

"ஏ எய்லா, என்னக் கொல்லப் பாக்குறியா? கடிக்குது பாரு!"

காலுறையின் மேல்விளிம்பு பட்ட இடத்தில், கெண்டைக்காலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு பள்ளம். லெம்பி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உன் கை இறுகிப் போச்சுடி. யார் மேல கோவம்?"

அது வெறும் கேலி இல்லை. கோபத்திலோ கவலையிலோ பின்னினால் கை நூலை இறுக்கிவிடும், காலுறை சின்னதாகிப்போகும். பின்னுகிற எல்லோருக்கும் இது தெரியும். அதனால் மூன்று பேரும் காலுறையைத்தான் பார்த்தோம். காலை யாரும் பார்க்கவில்லை.

எய்லா விளிம்பைப் பிரித்து, தடிமனான ஊசியில் மறுபடி பின்னிக் கொடுத்தாள். ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு அதுவும் கடித்தது. அடுத்த ஜோடிக்கு ஊசியில் நாலு கண்ணி கூடுதலாக ஏற்றி அகலமாக்கினாள். அப்புறம் அவனுடைய பழைய காலுறைகளும் ஏற மறுத்தன. அதற்கும் அவளிடம் காரணம் தயாராக இருந்தது.

"நீதான் டிரையர்ல போட்டிருக்க! கம்பளி சுருங்கிப் போச்சு."

"நான் என்னிக்கு துணி துவைச்சேன்?"

"அதான் சொல்றேன். துவைக்கத் தெரியாதவன்தான் அதுல கொண்டுபோய்ப் போடுவான்."

காலையில் சுலபமாக ஏறியது மாலையில் இறுக்கினால், பகலெல்லாம் கம்பளி ஈரம் குடித்துவிட்டது என்றாள். கம்பளியைப் பற்றி அவள் சொன்னது எல்லாமே சரிதான். இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

சனிக்கிழமை எங்கள் வீட்டு சவுனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், எல்லோரையும்விட உயரமான பலகையில் உட்கார்ந்து, சூடான கல்லில் தண்ணீரை ஊற்றி ஊற்றி மற்றவர்களை வெளியே ஓட வைப்பவன் ரெய்னோ. அந்தக் குளிர்காலத்தில் கீழ்ப்பலகைக்கு இறங்கினான். பிறகு வருவதையே நிறுத்திவிட்டான். எங்கள் ஊரில் ஒருவன் சவுனாவுக்கு வரவில்லை என்றால் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். என் கணவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அவனா வரட்டும்" என்று இருந்துவிட்டார். ரெய்னோ படுக்கையை விட்டு, அடுப்போரத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தான். அவன் வாசலில் பாதி வழிக்குத்தான் பனி அள்ளியிருந்தது. மீதிப் பனியில் மண்வெட்டி குத்தி நின்றது.

ஜனவரியில் ஒருநாள் ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். ரெய்னோ முக்காலியில் கால்களை நீட்டியிருந்தான். எய்லா தரையில் மண்டியிட்டு, புதிதாகப் பின்னிய ஜோடியை அவனுக்கு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். பூசணிக்காயே உள்ளே போகும், அவ்வளவு பெரிது. வழுக்கிக்கொண்டு ஏறியது.

"இப்பச் சொல்லு!"

"காலு இருக்கிறதே தெரியல" என்றான் ரெய்னோ.

அவள் முகம் மலர்ந்து என்னைப் பார்த்தாள். "பாரு, எவ்ளோ தளர்வா இருக்கு!" என்று காலுறையைச் சுருட்டி இறக்கி, தடமே விழவில்லை என்று காட்ட அவன் முன்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்தாள். பள்ளம் அப்படியே இருந்தது. பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி. மூன்று பேரும் அது மேலெழும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். எழவில்லை.

"எய்லா, இது நூலோட தப்பு இல்ல" என்றேன்.

ஆஸ்பத்திரியில் அவனைப் படுக்க வைத்தபோது மூச்சு விட முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டான். இதயம் களைத்துப்போய்க் காலில் நீர் சேர்ந்திருக்கிறது, இப்போது நுரையீரலுக்கும் வந்துவிட்டது என்றார் டாக்டர்.

"வீக்கம் எப்போ ஆரம்பிச்சுது? நீங்க கவனிக்கலையா?"

"கவனிச்சேன் டாக்டர்" என்றாள் எய்லா. "ஒவ்வொரு தடவையும் கவனிச்சேன். கண்ணிய கூட்டிக் கூட்டி எடம் விட்டுக்கிட்டே வந்தேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அங்கே நிற்க முடியாமல் வெளியே போய்விட்டேன்.

நீர் வடிந்து வீடு திரும்பினான். உப்பு கூடாது. வேளைக்கு மாத்திரை. அதோடு ஆஸ்பத்திரியில் கொடுத்த இறுக்கமான நீளக் காலுறை. எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லதாம். குளிர்காலம் முழுக்கத் தளர்த்தியவள் தினமும் காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு அதை இழுத்து மாட்டினாள். அதற்கு முன் தையல் நாடாவால் அவன் கணுக்காலை அளப்பாள். தன் விரலை அவள் நம்புவதில்லை. வியாழக்கிழமைகளில் எங்களுக்குக் காப்பி ஊற்றிவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பாள். லெம்பிகூட அதைப் பற்றிக் கேலி பேசவில்லை.

போன வியாழக்கிழமை ரெய்னோ மெதுவாக வந்து எங்களோடு மேசையில் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகும் மூச்சு வாங்கியது. எய்லா குனிந்து, அந்த ஆஸ்பத்திரிக் காலுறையைக் கழற்றிவிட்டு நாடாவைச் சுற்றினாள். எடுத்தாள். மறுபடி சுற்றினாள்.

"நேத்து உப்பு மீன் ஒரு துண்டு தின்னேன்" என்றான் ரெய்னோ. "அதான். ஒரே ஒரு துண்டு."

"கோட்டப் போடு."

"காப்பிய குடிச்சிட்டு..."

"இப்பவே."

அவள் காரைக் கிளப்ப ஓடினாள். லெம்பி அவன் தோளில் கோட்டைப் போட்டாள். நான் குனிந்து அவன் பூட்ஸை மாட்டப் பார்த்தேன். ஏறவில்லை.